10-க்கு 17 அடி கார் ஷெட்டில் பழைய பிரீமியர் பத்மினி காரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், நிற்கக்கூட இடமில்லை. எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேட்டவர் புதுச்சேரி ரெட்டியார்பாளையம். தனி வீடு, ஷட்டர் போட்ட ஷெட், உள்ளே பத்மினி, கூடவே ஸ்கூட்டர், இன்வெர்ட்டர், வீட்டுச் சாமான் என்று எழுதியிருக்கிறார். வந்திருக்கும் பதில்களில் பாதிப் பேர் "லிஃப்ட் போடுங்க" என்கிறார்கள், மீதிப் பேர் "வித்துடுங்க" என்கிறார்கள். காரைத் தூக்கும் இரண்டு தூண் லிஃப்ட்டுக்குக் குறைந்தது 4 அங்குலம் நல்ல கான்கிரீட் தரையும் பதினொன்று, பன்னிரண்டு அடி உயரமும் வேண்டும். நம்ம ஊர் போர்டிகோ 10 அடி உயரம், டைல்ஸுக்குக் கீழே என்ன கலவை போட்டான் என்பது கொத்தனாருக்கே மறந்திருக்கும். லிஃப்ட் பேச்சை விடுங்கள். விற்பது உங்கள் இஷ்டம், ஆனால் இடமில்லை என்பது அதற்குக் காரணமாகாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்மினி நீளம் 3.93 மீட்டர், அதாவது 13 அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அகலம் 1.46 மீட்டர், 5 அடிகூட இல்லை. கார் பிடிப்பது சுமார் 62 சதுர அடி. ஷெட் 170 சதுர அடி. மீதி 108 சதுர அடியை அடைத்திருப்பது கார் இல்லை, காரிலிருந்து கழற்றியவை. மடித்த புடவையை விரித்த மாதிரிதான், பிரித்த கார் முழுக் காரைவிட இரண்டு மடங்கு இடம் கேட்கும். ஷெட் சின்னதாக இல்லை, காரைத் தேவைக்கு மேல் பிரித்துவிட்டீர்கள் என்பதுதான் என் பதில். கோபம் வந்தால் வரட்டும்.

அதனால் ரேக் வாங்கப் போகும் முன் சிலவற்றைத் திருப்பி மாட்டுங்கள். முக்கியமாகக் கதவுகள். பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் எல்லா எடையையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு பெட்டி துருப்பிடித்திருந்தால், அதை வெட்டி எடுத்த உடனே பாடி நடுவில் லேசாகத் தொங்கும். கதவு மாட்டியிருந்தால் இடைவெளி மாறுவது கண்ணில் படும். கழற்றி வைத்துவிட்டு வெல்டிங் முடித்தால், கடைசியில் கதவு மூடாது. எந்த டிங்கராலும் அதைத் தட்டிச் சரிசெய்ய முடியாது, திரும்ப வெட்டத்தான் வேண்டும். வெட்டும் முன் நான்கு கதவின் இடைவெளியையும் மில்லிமீட்டரில் அளந்து, பாடி மேலேயே மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதுங்கள். ஒரு அங்குல ஸ்கொயர் பைப்பை முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் குறுக்கே டேக் வெல்டு (புள்ளி புள்ளியாகத் தற்காலிக வெல்டு) வைத்துவிட்டு அப்புறம் ரம்பத்தை எடுங்கள். ஒரு பக்கம் முழுசாக முடித்த பிறகே மறுபக்கம். இப்படிச் செய்தால் நான்கு கதவும் தரையில் கிடக்காது, பாதி இடம் அங்கேயே திரும்பிவிடும்.

அடுத்தது காரை நிறுத்தும் இடம். எல்லோரும் நட்டநடுவில் நிறுத்துகிறார்கள். இரண்டு பக்கமும் இரண்டரை அடி கிடைக்கும், எந்தப் பக்கமும் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. ஒரு சுவரை ஒட்டி ஓர் அடி விட்டு நிறுத்தினால் மறுபக்கம் 4 அடி கிடைக்கும். வேலை மாறும்போது காரை மறு சுவருக்குத் தள்ள வேண்டும், அதற்குச் சக்கரப் பலகை வேண்டும். கடையில் கிடைக்கும் டாலி போதும். வெல்டிங் பட்டறையில் ஆங்கிளில் செய்து வாங்கினாலும் சரி. நான்கு டயருக்கு நான்கு, ஒவ்வொன்றிலும் எல்லாப் பக்கமும் திரும்பும் நான்கு சக்கரம். சக்கரம் பியூ (பாலியூரித்தேன்) ஆக இருக்கட்டும், 4 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். சின்ன நைலான் சக்கரம் டைல்ஸ் இணைப்பில் மாட்டி நின்றுவிடும். பத்மினி 900 கிலோவுக்குள்தான், ஆனால் நம் தரை சமமாக இருக்காது. நான்கு மூலையில் இரண்டே மூலை மொத்த எடையையும் தாங்கும் நேரம் வரும். அதைக் கணக்கில் வைத்து ஒரு பலகைக்கு 450 கிலோ தாங்குகிற மாதிரி வாங்குங்கள். பிரேக் உள்ள சக்கரம் ஒன்றிரண்டாவது இருக்கட்டும், போர்டிகோ தரை எப்போதும் தெருப் பக்கம் சரிவு.

அடியில் படுத்து வேலை செய்யும்போது பலகையிலிருந்து இறக்கி, காரைத் தாங்கும் இரும்பு ஜாக் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஸ்டாண்டின் கால் டைல்ஸில் நேராக நிற்கக் கூடாது, உடையும். ஓர் அடிக்கு ஓர் அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒவ்வொன்றுக்கும் கீழே. ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பது இந்தப் பக்கமெல்லாம் சகஜம். அது வெடிப்பு காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் தூளாகும். கீழே படுத்திருப்பவர் நீங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே விட வேண்டாம்.

இனி சுவர். தரையில் ரேக் வைப்பதுதான் இடத்தைத் தின்கிறது. கார் உயரம் 4 அடி 10 அங்குலம், ஸ்டாண்டில் ஏற்றினால் 6 அடியைத் தொடும். ஆறரை அடிக்கு மேலே கூரை வரை மூன்றரை அடி சும்மா கிடக்கிறது. குறுகிய பக்கச் சுவரில் அந்த உயரத்தில் 15 அங்குல அகலத்துக்கு எல் பிராக்கெட் அடித்து, ஸ்லாட்டட் ஆங்கிள் பலகை ஓட விடுங்கள். 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் போடுங்கள், பிளாஸ்டிக் கட்டை வேண்டாம். சிமென்ட் பூச்சுக்கு உள்ளே செங்கலில் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் பிராக்கெட்டை பில்லரிலும் பீமிலும்தான் பிடிக்க வேண்டும். மேலே போக வேண்டியவை இலகுவானவை: சீட், ரெக்ஸின் அட்டைகள், கிரில், பீடிங், டேஷ்போர்டு. சீட்டை எலி தின்னும். 6 மில்லிமீட்டர் வலை சுற்றி வையுங்கள், அதைவிடப் பெரிய கண் என்றால் குட்டி எலி உள்ளே போகும்.

பானெட்டையும் டிக்கி மூடியையும் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், நடு வளைவு அமுங்கும். சுவரில் பழைய ட்யூப் சுற்றிய கொக்கிகளில் நிமிர்த்தி மாட்டுங்கள். முன் கண்ணாடியும் நின்றுதான் இருக்க வேண்டும், அடியில் மரச் சட்டம், நடுவில் போர்வை. படுத்த கண்ணாடிமேல் யாராவது ஒரு டப்பாவை வைப்பார்கள், அது நடந்தே தீரும்.

எடையுள்ளவை, அதாவது கியர்பாக்ஸ், டிஃப்ரென்ஷியல், ஸ்டார்ட்டர் எல்லாம் இடுப்பு உயரத்தில், தரையிலிருந்து 2 அடிக்குக் கீழே போகாமல் வையுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதுக்கு முன் 2011-இல் ‘தானே’ புயல். கடலூர்க்காரர்கள் பெண்ணையாறையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். பிளக் பாயிண்ட்டும் 4 அடி உயரத்தில் இருக்கட்டும். வெல்டிங் மெஷினுக்கும் கம்ப்ரஸருக்கும் தனித்தனி லைன் இழுத்து, ஷெட் முழுக்க ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். ஈரத் தரையில் கிரைண்டர் பிடிக்கிற ஊர் இது.

கழற்றிய போல்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிப் கவரில் போட்டு மேலே மார்க்கரில் எழுதுவார்கள். எண்ணெய்க் கை பட்டதும் எழுத்து அழியும். துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி கவருக்கு உள்ளேயும் ஒன்று போடுங்கள். அதைவிட முக்கியம், கழுவாமல் மூடாதீர்கள். டீசலில் கழுவி, துடைத்து, பழைய இன்ஜின் ஆயில் நாலு சொட்டு விட்டுக் குலுக்கி மூடினால் வருடம் தாங்கும். ஈரத்தோடு மூடிய கவர் உப்புக்காற்றைவிட மோசம். ஒரு கவருக்கு ஒரு வேலை: "இடது முன் சஸ்பென்ஷன் மேல் கை" என்று இருக்க வேண்டும், "போல்ட்" என்று அல்ல.

இன்ஜின் வெளியே இருந்தால் ஸ்பார்க் பிளக் ஓட்டைகளில் ஆயில் விட்டு, பழைய பிளக்கையே மாட்டி, மேனிஃபோல்டு ஓட்டைகளைத் துணி வைத்து அடைத்து டேப் ஒட்டுங்கள். மேலே பிளாஸ்டிக் கவர் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும், பெட்ஷீட் போதும். இன்ஜினைத் தூக்க ஃபேன் கொக்கியில் செயின் பிளாக் மாட்டும் வீரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கொக்கி ஃபேனுக்குக் கட்டியது. மடக்கு கிரேன் வாடகைக்கு எடுங்கள். 2 டன் என்று எழுதியிருந்தாலும் கையை முழுக்க நீட்டினால் அரை டன்தான் தாங்கும், பத்மினி இன்ஜினுக்கு அதுவே தாராளம்.

வொர்க் பெஞ்ச் நிரந்தரமாக வேண்டாம். 4 அடிக்கு ஒன்றரை அடி பிளைவுட், சுவரில் கீல் வைத்து மடக்குவது போதும். வைஸ் மட்டும் மடக்குப் பலகையில் நிற்காது. காயலாங்கடையில் லாரி பிரேக் டிரம் ஒன்று, 3 அங்குல ஜிஐ பைப் இரண்டரை அடி, மேலே ஒரு கனத்த தகடு, வெல்டு வைத்து டிரம்முக்குள் கான்கிரீட் ஊற்றுங்கள். தாடை உங்கள் முழங்கை உயரத்துக்கு வருகிற மாதிரி பைப்பை வெட்டுங்கள். உருட்டி வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாம், வேலை முடிந்தால் மூலைக்கு.

கம்ப்ரஸரை ஷெட்டுக்குள் வைக்காதீர்கள். மாடிப்படிக்கு அடியில் கிரில் போட்டு வைத்து ஹோஸை மட்டும் உள்ளே விடுங்கள். தினமும் டேங்கின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை இறக்க வேண்டும், நம் காற்றில் கணிசமாகவே வரும். மிச்சமிருக்கும் பிவிசி பைப்பில் காற்று லைன் இழுத்துத் தருகிறேன் என்று பிளம்பர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் பிவிசி விரிசல் விடும், அழுத்தக் காற்றில் துண்டு துண்டாகத் தெறிக்கும்.

லைட் நடுக் கூரையில் ஒன்று இருந்தால் காரின் கூரைக்குத்தான் வெளிச்சம். இரண்டு நீளச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் 4 அடி எல்இடி பேட்டன் படுக்கையாக அடியுங்கள். பட்டி போட்ட இடத்தின் மேடு பள்ளம் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றியிருந்தால் அது ஷெட்டில் இருக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். அங்கே இன்வெர்ட்டர், போர் மோட்டார் ஸ்டார்ட்டர், கார்த்திகைக்கு வாசலில் வரிசையாக அகல் விளக்கு. காலி டேங்க்தானே என்று வெல்டு வைப்பது இன்னும் ஆபத்து, நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில்தான் ஆவி அதிகம். 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்றை ஷட்டருக்கு வெளிப்பக்கம் மாட்டுங்கள். உள் மூலையில் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் எடுக்கப் போக வேண்டும்.

வேலையை மாதம் பார்த்துப் பிரியுங்கள், இடமும் மிச்சமாகும். பொங்கல் முடிந்து ஜூன் வரை டிங்கரிங், வெல்டிங், பிரைமர். ஐப்பசி கார்த்திகையில் ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜின், கார்புரேட்டர், வயரிங், சீட். பட்டி தேய்க்கும் தூளும் திறந்த பேரிங்கும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்பதற்கும் இதுவே வழி. முழுக் காரையும் ஒரே மூச்சில் பெயின்ட் உரித்து வெறும் தகடாக்க வேண்டாம். கடலோரத்தில் மாலை உரித்த தகடு காலையில் செம்பழுப்பு. ஒரு பேனல் உரியுங்கள், அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். சாதா பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு ஓடும். கடைசிப் பெயின்ட்டை ஷெட்டில் அடிக்காதீர்கள், டூ கே பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) ஹார்டனரில் இருக்கும், நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட்டுக்குத் துணி மாஸ்க் பத்தாது. பூத் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். "எங்க தாத்தா காலத்துல வேப்பமரத்தடியில அடிச்சாங்க" என்று வருபவர்களுக்கு: அன்றைக்கு அடித்தது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், அதில் இந்த ஹார்டனர் கிடையாது.

கேட்காத ஒன்று, இருந்தாலும் சொல்லித் தீர வேண்டும். பாடியில் சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர், பட்டி எதுவும் படக் கூடாது, கிரீஸ் தடவி டேப் ஒட்டி வையுங்கள். ஆர்சி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டியதற்கு 10,000 ஆனது. விண்டேஜ் என்று பதியலாமே என்றால், 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும். 1985 பத்மினி அதில் வராது. சொந்தக் காசில், சொந்தக் கூரைக்குக் கீழே ஒரு பழைய காரைக் காப்பாற்றுபவனுக்குச் சலுகை வேண்டாம், தண்டனையாவது இல்லாமல் இருக்கலாம். இதற்கும் ஷெட்டுக்கும் சம்பந்தமில்லைதான், எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

ஸ்கூட்டரும் இன்வெர்ட்டரும் எந்தச் சுவர்ப் பக்கம் இருக்கின்றன, மெயின் போர்டு எங்கே என்று ஒரு படம் வரைந்து போடுங்கள். காரை எந்தச் சுவரோடு ஒட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.