எட்டு மணி நேர வேலைதான், ஏன் இவ்வளவு களைப்பு?

யாழ்ப்பாணத்தில் கருமபீடத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா பன்னிரண்டு மணித்தியாலம் தன் தையல்கடையில் நிற்கிறார், உற்சாகமாக இருக்கிறார். எட்டு மணித்தியாலத்திலேயே நான் களைத்துப் போகிறேன். எனக்குச் சோம்பலா?"

இல்லை, தங்கச்சி. பளு மட்டும் ஆளை வாட்டுவதில்லை என்று 1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் விளக்கினார். பளு கூடி, வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் குறையும்போதுதான் மன அழுத்தம் மிகவும் ஏறுகிறது. தைப்பொங்கலுக்கு முன் உங்கள் அண்ணா இரவிரவாகத் தைப்பார், சரி. ஆனால் எந்தச் சட்டையை முதலில் வெட்டுவது என்பது அவர் கையில். உங்களுக்கோ வரிசை நீண்டுகொண்டே இருக்கும். தேநீர் குடிக்க எழும்பவும் ஒருவரைக் கேட்க வேண்டும்.

இது வெறும் மனக்குறை இல்லை. லண்டன் அரச ஊழியர்கள் 10,308 பேரிடம் 1985இல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வில், வேலையில் தாமே தீர்மானிக்கும் சுதந்திரம் குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. உழைப்புக்கேற்ற சம்பளமோ மதிப்போ கிடைக்காததும் உடலைத் தாக்கும் என்று யோஹானஸ் சீக்ரிஸ்ட் என்ற மருத்துவச் சமூகவியலாளர் காட்டினார். ஒரு நன்றிச் சொல்லும் அந்தக் கணக்கில் சேரும்.

லீவு எடுப்பதை விட, முகாமையாளரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள்: இடைவேளை நேரத்தை நீங்களே தெரிவுசெய்வது. அப்புறம், பின்னேரம் கந்தோர் வாட்ஸ்அப் குழுவை மூடிவையுங்கள். நித்திரையும் கெட்டால் 1926க்கு எடுத்துக் கதையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.