கேள்வி மகளுக்கு, பதில் அப்பாவிடமிருந்து

வேலை பற்றி ஆலோசனை கேட்க இருவரும் என்னிடம் வந்த அன்று, உங்கள் மகளிடம் நான்கு கேள்விகள் கேட்டேன். நான்குக்கும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, என் அறையில் இது வாடிக்கைதான்.

கைக்கு வந்த பெரிய நிறுவன வேலையை விட்டுவிட்டு, ஐந்தே பேர் சேர்ந்து வீடியோ கேம் செய்யும் இடத்துக்குப் போகிறேன் என்கிறாள். கம்பெனி மூடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். மூடலாம். புதிய சிறு நிறுவனங்கள் மூடப்படுவது சகஜம். அப்போது அவள் கையில் ஒரு வருட வேலை அனுபவம் இருக்கும், மறுபடி வேலை தேடுவாள். 22 வயதில், கடன் இல்லாதவளுக்கு இது திரும்பி வரக்கூடிய பாதை. திரும்ப முடியாதவை வேறு: அந்த நிறுவனத்தின் கடனுக்கு ஜாமீன் போடுவது, பங்கு தருகிறோம் என்ற வாய்ப்பேச்சை நம்பிச் சம்பளம் இல்லாமல் உழைப்பது, படிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. அங்கே கறாராக இருங்கள். உங்கள் அனுபவம் தேவைப்படுவதும் அங்கேதான்.

"சேர்க்கை சரியில்லை" என்றும் சொன்னீர்கள். அதைத் தள்ளிவிட மாட்டேன். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13–16 வயதினர் துணிந்து எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. 18–22 வயதினரிடமும் கூடியது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. 24 வயதைத் தாண்டியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே இது அவளுடைய ஆசையா, கூட்டத்தின் சூடா என்று பார்க்கத்தான் வேண்டும்.

அதற்காகத்தான் உங்களைப் பதினைந்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னேன். அவள் அனுமதியோடு சொல்கிறேன்: ஆறு மாதச் செலவுக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். உங்களிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "முதல் வரியிலேயே முடியாதுன்னுடுவார்" என்றாள். பயந்து பயந்து காப்பதில் இதுதான் பெரிய நஷ்டம். பிள்ளைகள் துணிச்சலை விடுவதில்லை, நம்மிடம் சொல்வதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை மாதம் முயல்வாள், சம்பளம் எத்தனை முறை தள்ளிப்போனால் வெளியேறுவாள் என்பதையும் அவளே எழுதட்டும். நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள், திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். அப்புறம் ஒன்று, அந்த நிறுவனத்துக்கு நீங்கள் போன் செய்ய வேண்டாம். நேர்காணல் அறை வாசல்வரை வந்த பெற்றோரையும் பார்த்திருக்கிறேன், பிள்ளைதான் கூசிப்போய் நிற்கும்.

அடுத்த சந்திப்புக்கு அவள் தனியாக வரட்டும். நேரத்தையும் அவளே போன் செய்து கேட்டுக்கொள்ளட்டும்.