பெற்றோரிடம் வாங்கிய கடிதம் காப்பாற்றுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டிலேயே நான்கு வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். அநேகமாகத் தாதிமாரின், ஆசிரியைமாரின் பிள்ளைகள். உதவிக்கு 15 வயதுப் பிள்ளை ஒருத்தி நிற்கிறாள். போன மாதம் மூன்று வயதுப் பையன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது. தாய் வழக்குப் போடப் போவதாகச் சொல்கிறார். ‘பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நீங்கள் பொறுப்பில்லை’ என்று எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அது போதாதா? கிராம அலுவலரும் வந்து பதிவு இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் பிள்ளை பார்க்கவும் லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்தக் கடிதத்தை நம்பி இருக்க வேண்டாம். கை முறிந்தது பிள்ளைக்கு. நட்டஈடு கேட்கும் உரிமையும் பிள்ளையுடையது. அதைத் தாய் ஒரு கையெழுத்தால் விட்டுக்கொடுக்க முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தக் கடிதத்தையே நீதிமன்றத்தில் காட்டி, ‘ஆபத்து இருப்பது இவருக்கு முதலே தெரியும், அதனால்தான் எழுதி வாங்கினார்’ என்று வாதிடலாம்.

இலங்கையில் இப்படியான நட்டஈட்டு வழக்கு, ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோம டச்சுச் சட்டத்தின்படி நடக்கும். கவனமுள்ள ஒருவர் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டு தடுத்திருப்பாரா என்பதுதான் கேள்வி. பாசி பிடித்த ஈரச் சீமெந்துத் தரை, மூன்று வயதுப் பிள்ளை, ஒன்பது பேருக்கு வளர்ந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும். ஒளிக்காமல் சொல்கிறேன், இதற்குப் பதில் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். வழக்குப் போட 2 வருடக் காலவரையறை உண்டு. ஆனால் பராயமடையாத பிள்ளைக்கு எதிராக அந்தக் காலம் ஓடாது. ஆகவே, கொஞ்ச நாள் போனால் ஆறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

குற்றவியல் பக்கத்தைப் பற்றித் தேவைக்கு மேல் பயப்பட வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு, தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குக் குறைந்தவரை வேண்டுமென்றே அடிப்பதையும் கொடுமைப்படுத்துவதையும் கவனிக்காமல் விடுவதையும் குற்றமாக்குகிறது. 2 முதல் 10 வருடம் வரை சிறை. தற்செயலாக ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தது அதற்குள் வராது. ஆனால் இவ்வளவு நடந்த பிறகும் கிணற்றடியை அப்படியே விட்டு, இன்னொரு பிள்ளை உள்ளே விழுந்தால் கதை வேறு. கவலையீனத்தால் மரணம் ஏற்பட்டால் 5 வருடம் வரை சிறை உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்று: உதவிக்கு நிற்கும் பிள்ளை. 2021 முதல் வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. கட்டாயக் கல்வியும் 16 வயது வரைதான். அவளை இன்றே நிறுத்திப் பள்ளிக்கூடம் போக வழி பாருங்கள். வளர்ந்த ஒருவரைச் சம்பளத்துக்கு எடுத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் 3 வீதம் கட்ட வேண்டும்.

சரி, பதிவுக்கு வருவோம். ‘வீட்டில்தானே’ என்பது பதில் ஆகாது. காசு வாங்கி ஒன்பது பிள்ளைகளைப் பார்த்தால் அது பகல்நேரப் பராமரிப்பு நிலையம்தான். சிறுவர் பராமரிப்புச் சேவை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயம். அதோடு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் இப்படியான நிலையங்களுக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நல்லூர் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, என்னென்ன பதிவு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். திகதி முத்திரையுடன் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். கிராம அலுவலரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்டது உங்களுக்கு நல்லதே. பாலர் பாடசாலை மாதிரிப் படிப்பிப்பதானால் அதற்கு வேறு நடைமுறை இருக்கிறது. பெயர்ப்பலகை போடுவதானால் வியாபாரப் பெயர்ப் பதிவும் வேண்டும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கூப்பிட்டு வளவைக் காட்டுங்கள். மழை தொடங்கினால் தேங்காய்ச் சிரட்டையும் பழைய வாளியும் நுளம்புக்கு வீடு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகல் தடுப்புச் சட்டம் வீட்டுக்காரரைத்தான் பிடிக்கும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதானால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் பாவிக்க வேண்டாம். நமது சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில், தோட்டத்துப் பசளையால், நைத்திரேற்று என்ற, கைக்குழந்தைக்குக் கூடாத உப்பு பல இடங்களில் அதிகம். கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் வற்ற வற்ற செறிவு கூடும்.

தாயிடம் நேரில் போங்கள். பையன் எப்படி இருக்கிறான் என்று முதலில் கேளுங்கள். வைத்தியச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் தர முன்வாருங்கள். கொடுத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு எடுங்கள். வழக்கு வந்த பிறகு பிள்ளையின் சார்பில் சமாதானம் செய்வதற்கு நீதிமன்றத்தின் அனுமதி தேவை. அதனால் இப்போதே பேசித் தீர்ப்பது இரு பக்கத்துக்கும் இலகு.

இதெல்லாவற்றுக்கும் முதல், கிணற்றுக்கு இரும்பு வலை மூடி போட்டுப் பூட்டுங்கள். கிணற்றடிக்கும் விறாந்தைக்கும் இடையில் பிள்ளை திறக்க முடியாத கேற் ஒன்று வேண்டும். அது முடியும்வரை பெற்றோரிடம் காரணத்தைச் சொல்லி, ஒரு பிள்ளையையும் எடுக்காதீர்கள்.