பாண்டில் என்னைப் பேஸ் கிட்டார் வாசிக்கச் சொல்கிறார்கள். நாலு கம்பி வாங்குவதா, ஐந்து கம்பியா?

நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: கொழும்பில் ஐந்து நண்பர்கள் சேர்ந்து பாண்ட் தொடங்குகிறீர்கள், கிட்டார் வாசிக்க ஏற்கெனவே இரண்டு பேர் இருப்பதால் உங்களைப் பேஸ் எடுக்கச் சொல்லிவிட்டார்கள், நாலு கம்பியா ஐந்து கம்பியா, புதிதா பாவித்ததா என்று தெரியவில்லை. அந்த "சொல்லிவிட்டார்கள்" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். 2014 இல் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், மிஞ்சி நின்றவனிடம் கொடுக்கிற வேலை மாதிரி. உங்களுக்கும் உள்ளுக்குள் ஒரு மனக்குறை இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னியுங்கள், ஆனால் எனக்கு இருந்தது.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு கம்பி, பற்றரி இல்லாத பாஸிவ் பேஸ், உங்கள் கைக்குப் பொருந்துகிற நெக், அதாவது இடது கை பிடிக்கிற கழுத்துப் பகுதி. காசு முழுவதையும் பேஸிலேயே போட்டுவிடாதீர்கள், மூன்றில் ஒரு பங்கையாவது அம்ப்புக்கும், நெக்கையும் கம்பிகளையும் சரிசெய்கிற செட்டப் வேலைக்கும் ஒதுக்கி வையுங்கள். ஐந்து கம்பி வாசிப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். ஐந்து கம்பி தேவைப்படுகிற இடங்கள் இருக்கின்றன என்று எனக்கும் தெரியும், ஏனென்றால் நான் முதலில் வாங்கியதே அதைத்தான்.

2015 இல் நுகேகொடைப் பக்கம் ஒருவரிடம் பாவித்த ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ் ஒன்றை 62,000 ரூபாவுக்கு வாங்கினேன். கறுப்பு நிறம், பொன் நிற ஆணிகள், பார்க்க அவ்வளவு வடிவு. அழகுக்காக மட்டும் வாங்கவில்லை, அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. எங்கள் பாண்டில் பாடியது ஒரு அக்கா, அவருடைய குரலுக்கு நிறையச் சினிமாப் பாட்டுகளை டி, ஈ ஃப்ளாட் சுருதிகளுக்கு இறக்கி வாசிக்க வேண்டும். நாலு கம்பிப் பேஸின் அடிக்கம்பி ஈ, அதாவது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், கம்பியைத் தளர்த்தாமல் அதற்குக் கீழே போக முடியாது. ஐந்தாவது கம்பி இருந்தால் 31 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள பி வரை இறங்கலாம். கணக்கு சரிதான், நான் பார்க்காமல் விட்டது சாமானை.

2016 இல் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. மூன்று மணிக்கே போய்ச் சவுண்ட் பார்த்துவிட்டு, வயரைக் கழற்றாமல் பேஸை ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பற்றரியில் ஓடும் ஒரு ப்ரீஅம்ப் இருக்கும். வயரைச் சொருகினாலே அது ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். விற்றவர் என்றைக்குப் போட்ட பற்றரியோ, நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. இரவு மூன்றாவது பாட்டில் சத்தம் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரத்தது, பிறகு மெலிந்தது, பிறகு இல்லை. பற்றரியில்லாமல் வாசிக்க மாற்றுகிற சுவிட்சும் அந்த பேஸில் கிடையாது.

இதில் நான் மறக்காத விஷயம் ஒன்று உண்டு. கிட்டார்கள் போய்க்கொண்டிருந்தன, கீபோர்ட் போய்க்கொண்டிருந்தது, ட்ரம்ஸ் நிற்கவில்லை, அந்த அக்கா ஒரு சுருதிகூடப் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் ஒவ்வொருவராகப் போய்க் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். எது நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது. மாப்பிள்ளையின் மாமி ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "ஏன் தம்பி, பாட்டு மெலிஞ்சு போச்சு?" என்று கேட்டார். பேஸ் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இன்றைக்கும் அந்த மாமியின் கேள்வியைத்தான் சொல்கிறேன். சவுண்ட்காரர் தன்னுடைய வயர்லெஸ் மைக்குக்கு வைத்திருந்த 9 வோல்ட் பற்றரியைத் தந்து, ஆணி கழற்றி மாற்றி முடிக்க இருபது நிமிடம் போனது.

அடுத்த கிழமை தெஹிவளையில் வீட்டிலேயே கிட்டார் திருத்துகிற, ஐரோப்பிய வம்சாவளிப் பேர்கர் அங்கிள் ஒருவரிடம் கொண்டுபோனேன். இளமையில் ஹோட்டல் பாண்டுகளில் பேஸ் வாசித்தவர். சாப்பாட்டு மேசையில் ஒரு துவாயை விரித்து, பேஸை மல்லாக்கக் கிடத்தி, இடது கையால் முதல் ஃப்ரெட்டையும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வலது கையால் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு, "மகன், நடுவில இந்தக் கார்டை விடுங்க" என்று ஒரு விசிட்டிங் கார்டைத் தந்தார். கம்பிக்கும் ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு கார்டின் கனம் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். என்னுடையதில் நாலு கார்டு போனது. நெக் அவ்வளவு வளைந்திருந்தது. அதை நிமிர்த்த உள்ளே ட்ரஸ் ராட் என்று ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தால் முறுக்குகிற இடம் துருப்பிடித்து, முன்பு யாரோ பிழையான சாவியைப் போட்டு முறுக்கி, ஆறு பட்டையும் தேய்ந்து வட்டமாகிவிட்டிருந்தது. திருத்தலாம், ஆனால் செலவு பேஸின் விலையில் பாதிக்கு வரும் என்றார். சாதாரண நாலு கம்பி செட் ஒன்றே 70 கிலோவுக்கு மேல் இழுவை கொடுக்கும், ஐந்தாவது சேர்ந்தால் அதுக்கும் மேலே. வெள்ளவத்தையில் கடலுக்கு முன்னால் இருக்கிற ஃப்ளாட்டில் சுவரில் மாட்டி வைத்தால் அந்த இழுவையோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டில் புதுக் கம்பி ஒரு மாதத்தில் விரலைக் கறுப்பாக்கத் தொடங்கிவிடும். வாசித்து முடித்தால் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலிருந்து நுனிவரை துடைத்து, உறைக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு மூடி வையுங்கள். இதற்குக் காசே தேவையில்லை.

பிறகு அங்கிள் உள்ளே போய்த் தன்னுடைய பழைய ஜப்பான் பேஸைக் கொண்டுவந்து தந்தார். ப்ரிசிஷன் மாதிரியில் செய்தது. நாலு கம்பி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற ஒரு பிக்அப், ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். அமெரிக்காவில் கிட்டார் செய்த லியோ ஃபெண்டர் 1951 இல் அந்த மாதிரியைக் கொண்டுவந்தபோது ப்ரிசிஷன் என்று பெயர் வைத்ததே, ஃப்ரெட் இல்லாத பெரிய டபுள் பேஸில் கஷ்டப்பட்டுத் தேட வேண்டிய சுரம் இதில் துல்லியமாக விழும் என்பதால்தான் என்று அவர்தான் சொன்னார். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனிப் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரு 1962 ப்ரிசிஷனையும் வலது கையின் ஒரே ஒரு ஆள்காட்டி விரலையும் வைத்துக்கொண்டுதான் அதில் பெரும்பாலானதைச் செய்தார், கம்பியைக்கூட அறுந்தால்தான் மாற்றுவாராம். "ரெண்டு கிழமைக்கு ட்ரமரோட காலை மட்டும் வாசிங்க, வேற ஒண்டும் வேணாம்" என்று சொல்லி அனுப்பினார். கால் என்றால் கிக் ட்ரம். அதைச் செய்தேன். இரண்டாம் கிழமைப் பயிற்சியில் எங்கள் ட்ரமர் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கிட்டார் வாசிப்பவர்களுக்கு விளங்குமா தெரியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டி வரை இறங்க வேண்டுமென்றால் நாலு கம்பியிலேயே ஈ கம்பியை ஒரு சுரம் தளர்த்தி டி ஆக்கிக்கொள்ளலாம், கை இரண்டு நாளில் பழகிவிடும். மலிவான ஐந்து கம்பிப் பேஸ்களில் அந்த பி கம்பி அநேகமாகத் தொளதொளவென்று இருக்கும். கம்பி அதிரும் நீளம் (ஸ்கேல்) 34 அங்குலமான பேஸில் அதை இறுக்கமாகப் பேச வைப்பதற்கு நல்ல வேலைப்பாடு வேண்டும், அதனால்தான் சிலர் 35 அங்குலத்தில் செய்கிறார்கள். முதல் பேஸுக்கு இந்தத் தலையிடி வேண்டாம். கை சின்னதென்றால் ஜாஸ் பேஸ் மாதிரி பாருங்கள், 1960 இல் வந்தது, தலைப்பக்கம் நெக்கின் அகலம் 38 மில்லிமீட்டர்தான், ப்ரிசிஷனில் அது 41, 42க்கு வரும். ஜாஸில் ஒரு பிக்அப்பை மட்டும் திறந்தால் கரண்ட் இரைச்சல் வரும், இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் அது அடங்கிவிடும், அதைப் பழுது என்று நினைத்துப் பயப்படாதீர்கள். அதுவும் கைக்கு எட்டவில்லையென்றால் 30 அங்குல ஷோர்ட் ஸ்கேல் இருக்கிறது, பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹோஃப்னர் அந்த அளவுதான், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. புதிதாக வாங்குவதென்றால் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஸ்குவையர் அஃபினிட்டி மாதிரி ஒன்று போதும். எந்தக் கம்பெனியிடமும் நான் காசு வாங்கவில்லை, நான் வாங்குவதாக ஒருவர் முன்பு எழுதியிருந்ததால் சொல்கிறேன்.

பாவித்தது வாங்கப் போனால் ட்ரஸ் ராட் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மாட்டேன் என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கண்ணை, உடம்பில் கம்பிகள் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கம் வைத்து நெக்கைத் துப்பாக்கி குறிபார்க்கிற மாதிரி பாருங்கள், முறுக்கம் இருந்தால் தெரியும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசியுங்கள், பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை, விற்பவர் முகத்தைப் பார்த்து அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டேன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் அழுத்தி வாசிக்கும் சுரமும் போனில் உள்ள ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தால் செட்டப்பில் சரியாகும். பிறகு வாரைத் தோளில் போட்டு அரை மணி நேரம் நின்றுகொண்டே வாசித்துப் பாருங்கள், ஏனென்றால் பல பேஸ்கள் நாலு கிலோ அளவில் இருக்கும், நம்மூர்க் கல்யாணத்தில் கடைசி முக்கால் மணி நேரம் பைலா என்கிற ஆட்டப்பாட்டு நிற்காது. அந்த 6/8 தாளத்தில் வலது கை ஓயவே முடியாது, தோளும் போய்விட்டால் எல்லாம் போய்விடும். மூன்று அங்குல அகலமான வார் வாங்குங்கள்.

அம்ப் விஷயத்தில், கிட்டார் அம்ப்பில் பேஸைச் சொருகிச் சத்தம் கூட்டாதீர்கள், அந்த ஸ்பீக்கர் தாங்காது. வீட்டுக்கு 20 வாட்ஸ் அளவில் ஒரு பேஸ் அம்ப் காணும். ட்ரம்ஸோடு பயிற்சி என்றால் 100 வாட்ஸாவது வேண்டும், அதை வாடகைக்கு எடுக்கலாம். மண்டபங்களில் பேஸின் சத்தம், அதை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கிற டிஐ பெட்டி வழியாக நேரே மிக்ஸருக்குப் போய்விடும், அந்தப் பெட்டியை நீங்களே சொந்தமாக ஒன்று வைத்திருங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை கரண்ட் இல்லாத நாட்களிலும் நாங்கள் அம்ப் இல்லாமல் உட்கார்ந்து பயிற்சி செய்தோம். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் கீபோர்ட் கனடாவுக்கும் ட்ரமர் லண்டனுக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகளின் படிப்பு, கடன், எல்லாம் தெரியும். ஆனால் எந்தக் கல்யாணத்துக்கு வாசிக்கப் போனாலும், மேடையில் இருந்து இறங்கினதும் யாராவது ஒரு அங்கிள் வந்து, வாசித்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல், "நீர் இன்னும் வெளியில போகேல்லையா?" என்று கேட்கிறார். இங்கே இருப்பது ஏதோ பரீட்சையில் தவறிப்போன மாதிரி. நான் இங்கே இருக்கிறேன், வேலை செய்கிறேன், சனி இரவில் பேஸ் வாசிக்கிறேன், எனக்கு இது பிடித்திருக்கிறது. அதைக் கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

நீங்கள் மனக்குறையோடு தொடங்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஒரு கச்சேரிக்குப் போனால் மிருதங்கத்தின் இடது பக்கத்தை மட்டும் கவனியுங்கள், அந்தத் தொப்பியில் ரவையைக் குழைத்து ஒட்டி எவ்வளவு பக்குவமாகக் கீழ்ச்சத்தத்தைக் கொண்டுவருகிறார்கள் என்று. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளையும், ரஹ்மானுக்குக் கீத் பீட்டர்ஸ் பேஸ் வாசித்தவற்றையும் ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் அந்த அடிச்சத்தம் வரவே வராது. பத்து நாள் கேட்டால் உங்களுக்கே தெரியும் உங்களிடம் கொடுத்திருப்பது என்ன வேலை என்று.

அப்புறம், வாங்கப் போகும்போது உங்கள் இரண்டு கிட்டார்காரர்களையும் விட்டுவிட்டு ட்ரமரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வாசிக்கும்போது அவரை அறையின் மறுகோடியில் நின்று கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பேஸுக்கு அவருடைய கால் தானாகத் தட்டத் தொடங்குகிறதோ, அதற்கு விலை பேசுங்கள்.