என்னைவிட வயதில் மூத்தவர்கள் இருக்கும் டீமுக்கு என்னை லீடர் ஆக்கியிருக்கிறார்கள். அவர்களிடம் எப்படி வேலை வாங்குவது?

கேள்வியைப் பாத்தா நீங்க ஏ.சி. ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற ஆளுன்னு நினைக்கிறேன். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனி லைன் சூப்பர்வைசர். பதினெட்டு வயசுல கைமடியா, அதாவது தைக்கறவங்களுக்குக் கூடமாட உதவற ஆளா சேந்தவ. ஆனா "வேலை வாங்குவது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது குத்திடுச்சு. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சு அசிங்கப்பட்டேன்.

2018-ல எனக்கு ஒரு லைன், அதாவது ஒரு வரிசை தையல் மிஷினும் அதுக்கான ஆளுங்களும் குடுத்தாங்க. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர்னு மூணு வகைத் தையல் மிஷின்காரங்க, கைமடி, செக்கிங் எல்லாம் சேத்து 22 பேர். பாதிப்பேர் எனக்கு மிஷின்ல உக்காரக் கத்துக்குடுத்தவங்க. மதிக்க மாட்டாங்களோன்னு பயம். முதல் வாரமே ஒரு சட்டம் போட்டேன்: டேமேஜ் பீஸ் ஒண்ணுக்கு 20 ரூபாய், சனிக்கிழமை சம்பளத்துல பிடித்தம். ரெண்டே வாரத்துல டேமேஜ் கிட்டத்தட்ட நின்னே போச்சு. மேனேஜர் மத்த லைன்காரங்களைக் கூப்பிட்டு என் நோட்டைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியல.

அப்போ ஓடினது குழந்தைங்க டி-ஷர்ட், சிங்கிள் ஜெர்சி துணி, 4,800 பீஸ். ஆர்டர் குடுத்த பையர் தரப்புல இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்தார். அந்த அளவு ஆர்டருக்கு 200 பீஸ் எடுப்பாங்க. பெரிய குறை 10 வரைக்கும் பாஸ், 11 ஆனா மொத்த லாட்டும் பெயில். அவர் ஒவ்வொரு பீஸா எடுத்து, தோள் தையல்ல ரெண்டு கட்டைவிரலையும் வெச்சு இழுத்துப் பாத்தார். தையலை ஒட்டி ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. 14 பீஸ்ல.

மொத்தத்தையும் பெட்டியிலிருந்து பிரிச்சு மறுபடி செக்கிங். ரெண்டாவது ராத்திரி, கட்டிங் வேஸ்ட் மூட்டையை நகத்தினப்போ அதுக்குள்ளேருந்து தச்ச சட்டையா விழுந்துச்சு. 63 பீஸ். வெட்டின பீஸ் கட்டுக்கும் தச்சு வந்ததுக்கும் கணக்கு இடிச்சப்பவே நான் யோசிச்சிருக்கணும். கட்டிங்ல குறைச்சல்னு எழுதி விட்டிருந்தேன்.

யாரு இதுன்னு கத்தினேன். எங்க ஓவர்லாக் அக்கா, எங்க அம்மா வயசு, நூல் வெட்டிக்கிட்டே தலை நிமிராம சொன்னாங்க: "பத்து நாளா ஊசி சரியில்ல கண்ணு. சொன்னா இருபது ரூபா புடிப்பே. சொல்லாட்டி ஒண்ணுமில்ல."

மெக்கானிக் ஊசியைக் கழட்டி நகத்துல உரசிப் பாத்தார். பனியன் துணிக்கு முனை மழுங்கின பால் பாயிண்ட் ஊசிதான் போடணும், அது கண்ணியை, அதாவது துணியில இருக்கற நூல் வளையத்தை ஒதுக்கிட்டு இறங்கும். கூர் ஊசி கண்ணியை அறுத்துடும். அப்ப தெரியாது, இழுத்தாலோ துவைச்சாலோதான் வாய் பிளக்கும். ஸ்டோர்ல ஊசியை மாத்திக் குடுத்திருக்காங்க. தச்சவங்க எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியல.

மறுநாளே பிடித்தத்தை எடுத்துட்டு என் டேபிள்கிட்ட ஒரு சிவப்புக் கூடை வெச்சேன். டேமேஜைக் கொண்டுவந்து போடலாம், யார் தச்சதுன்னு கேக்க மாட்டேன், எந்த மிஷின்னு மட்டும் சொல்லணும். முதல் வாரம் கூடை வழிஞ்சுது. மேனேஜர் குதிச்சார். ஆனா கொட்டிப் பாத்தா காரணம் ஒண்ணொண்ணா வந்துச்சு: ஒரு பேட்லாக்ல எண்ணெய் ஒழுகுது, கட்டிங்ல சைஸ் ஸ்டிக்கர் மாறியிருக்கு, ஒருத்தருக்கு ராத்திரியில கண்ணே சரியா தெரியல. ஒரு மாசத்துல கூடை பாதிகூட நிறையல.

"அபராதம் இல்லேன்னா எவன் பயப்படுவான்"னு கமெண்ட் போட வர்றவங்களே, கொஞ்சம் இருங்க. வேணும்னே துணியைக் கெடுத்த ஒருத்தரை நான் வேலையை விட்டும் அனுப்பியிருக்கேன். நான் இளகின மனசுக்காரி இல்ல. அபராதம் சம்பளத்துல 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஆளைக் கேக்காம பிடிக்கவும் கூடாதுன்னு 1936-ஆம் வருஷத்து சம்பளப் பட்டுவாடா சட்டத்துலயே இருந்திருக்கு. எனக்கு அப்போ தெரியாது, ஆபீஸ்லயும் யாரும் சொல்லல.

என் பொண்ணு எம்.பி.ஏ. படிக்கிறா. ஹார்வர்டுல ஏமி எட்மண்ட்சன்னு ஒரு அம்மா ஆஸ்பத்திரி டீம்களை ஆராய்ச்சி பண்ணினப்போ, நல்லா நடக்கற டீம்லதான் தப்பு அதிகமா வெளியே சொல்லப்பட்டிருந்துச்சாம். பொண்ணு இதைப் பரீட்சைக்கு எழுதினா மார்க். நான் சொன்னா "பனியன் கம்பெனிதானே". அவளுக்கு வரன் பாக்க வந்தவங்களும் அதே இழுவையிலதான் கேட்டாங்க, "அம்மா பனியன் கம்பெனியா..."ன்னு. அந்த மாப்பிள்ளை போட்டிருந்தது டி-ஷர்ட். சரி, அது வேற கதை.

உங்க மூத்தவங்ககிட்ட முதல்ல போய் "எது சரியில்ல"ன்னு கேளுங்க. முதல் நாளே சொல்லிட மாட்டாங்க. சொன்னவங்களை ஒரு தடவை திட்டிட்டீங்கன்னா அப்புறம் வாயே திறக்க மாட்டாங்க.

பிடிச்ச பணத்தைத் திருப்பிக் குடுக்க ஆபீஸ்ல ஒத்துக்கல. பதிலுக்கு சாயங்கால டீக்கு எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கினேன். ஓவர்லாக் அக்கா மட்டும் தொடல. "எனக்கு அறுபது ரூபா வரணும்"னாங்க. அடுத்த சனிக்கிழமை என் சம்பளத்துலேருந்து குடுத்தேன். எண்ணிப் பாத்துத்தான் முந்தானையில முடிஞ்சாங்க.