ஹாஸ்டல்ல, எக்ஸாம் டைம்ல ஜெபிக்கிறது எப்படி? மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கு பதில்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் கணக்கு டீச்சர், காலேஜ் பிள்ளைங்களோட ஜெபக்குழுவையும் ரொம்ப வருஷமா நடத்திட்டு வரேன். படிப்பு, ஜெபம், ஒழுங்கு பத்தி என்ன வேணா கேளுங்கனு சொல்லியிருந்தேன், வந்த கேள்விங்களும் பதிலும் கீழ.

கேள்வி (இன்ஜினியரிங் செகண்ட் இயர்): அக்கா, ஒவ்வொரு வாலிபர் கூடுகைலயும் இனிமே காலைல 4 மணிக்கு எழும்பி ஜெபிக்கணும்னு தீர்மானம் எடுக்குறேன், மூணு நாள்ல விட்டுப்போகுது. எனக்கு விசுவாசம் பத்தலையா?

பதில்: தம்பி, நைட் எத்தனை மணிக்கு படுக்குறனு நீ சொல்லவே இல்லையே. ஹாஸ்டல்ல 1 மணி வரைக்கும் லைட் எரியும், அதுக்கப்புறமும் போர்வைக்குள்ள போன் ஓடும், அந்த உடம்பை 4 மணிக்கு எழுப்புனா மூணாவது நாள் படுத்துத்தான் போகும், இதுல விசுவாசத்தை ஏன் இழுக்குற. 4 மணி ஜெபம்னாலே எல்லாரும் மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச இங்கிலாந்து போதகர் ஜான் வெஸ்லியை சொல்வாங்க, ஆனா அவர் அந்தப் பழக்கத்துக்கு எப்படி வந்தார்னு சொல்றதில்ல. அவருக்கு தினமும் ராத்திரி 12, 1 மணிக்கு முழிப்பு வந்துடும், தேவைக்கு மேல படுக்கைல கிடக்குறதாலதான் இப்படினு யோசிச்சு ஒரு அலாரம் வாங்கி முதல் நாள் 7 மணி, அடுத்த நாள் 6, அப்புறம் 5, நாலாவது நாள் 4 மணிக்கு எழும்பினார், அதுக்கப்புறம்தான் ராத்திரி முழிப்பு வரலைனு ஒரு பிரசங்கத்துல அவரே எழுதியிருக்கார். அவர் குறைச்சது தேவைக்கு மேல இருந்த தூக்கத்தை. உனக்கு தேவையான தூக்கமே இல்லையே, எதை குறைக்கப் போற? சங்கீதம் 127ல "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்"னு இருக்கு, அதையும் வேதவசனமா எடுத்துக்கோ.

இப்போதைக்கு இவ்ளோ பண்ணு. நைட் 11 மணிக்கு போனை கட்டில்ல இருந்து கை எட்டாத பிளக்ல சார்ஜ் போடு. மறுநாள் வாசிக்க வேண்டிய சங்கீதத்துல ரிப்பனை வச்சு பைபிளை டேபிள் மேல எடுத்து வச்சிட்டு படு. காலைல பக்கெட்டை தூக்கிட்டு பாத்ரூம் க்யூவுக்கு போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம், அவ்ளோதான். பத்து நிமிஷம் பழகிட்டா அது தானா நீளும், நீ இழுக்க வேண்டாம்.

கேள்வி (பிளஸ் டூ): பைபிள் ஆப்ல வாசிக்கலாமா அக்கா?

பதில்: பஸ்ல போறப்ப தாராளமா வாசி. காலை நேரத்துக்கு மட்டும் புக்கா இருக்குற பைபிள்தான் நல்லது, ஆப்பை திறந்த உடனே வாட்ஸ்அப் மேல வந்து நிக்கும், கை அங்க போயிடும். எங்க ஆரம்பிக்கனு தெரியலைனா புதிய ஏற்பாட்டுல இருந்து ஆரம்பி, மொத்தம் 260 அதிகாரம், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நாளுக்கு ஒண்ணுனு வச்சாலே ஒரு வருஷத்துல முடிஞ்சிடும்.

கேள்வி (நீட் ரிப்பீட்டர்): வீட்ல எல்லாரும் எனக்காக ஜெபிக்கிறாங்க, நானும் ஒரு மணி நேரம் ஜெபிக்கிறேன். ஆனா பிசிக்ஸை தொடவே பயமா இருக்கு. ஜெபிச்சா தேவன் பாத்துக்குவார்தானே?

பதில்: பாப்பா, பாத்துக்குவார், ஆனா பிசிக்ஸ் புக்கை நீதான் திறக்கணும். தானியேல் 1ம் அதிகாரத்துல அந்த நாலு வாலிபருக்கும் சகல எழுத்திலும் ஞானத்திலும் அறிவையும் சாமர்த்தியத்தையும் கொடுத்தது தேவன்தான், ஆனா கல்தேயரோட எழுத்தையும் பாஷையையும் மூணு வருஷம் உக்காந்து படிச்சது அவங்க. பயத்தை மறைக்கிற இடமா ஜெபம் மாறிடக்கூடாது, நான் பாக்குற பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு இதுதான் நடக்குது, படிக்க வேண்டிய நேரத்துல முழங்கால்ல நிப்பாங்க, எழும்புனதும் இன்னும் பயம் கூடும். நீ இப்படி பண்ணு, "கர்த்தாவே, எனக்கு மின்னியல் சாப்டர்னா பயம்"னு பேரைச் சொல்லியே ஜெபி, அஞ்சு நிமிஷம் போதும், ஆமென் சொன்ன கையோட அந்த சாப்டர்ல இருந்தே பழைய கொஸ்டின் பத்து எடுத்து போடு. தப்பா போனா பரவாயில்ல. 2 தீமோத்தேயு 1:7 "பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவி"னு சொல்லுது, அந்த தெளிந்த புத்தியைத்தான் நீ கேக்கணும்.

கேள்வி (நர்சிங் தேர்ட் இயர்): ஒரு வாரம் டே, ஒரு வாரம் நைட் டியூட்டி. எனக்கு காலை ஜெபம்னு ஒண்ணு எப்படி வரும் அக்கா?

பதில்: மணியை விட்டுடு மா, நீ தினமும் எப்படியும் செய்யுற ஒரு வேலையோட ஜெபத்தை சேத்து வை. டியூட்டிக்கு கிளம்ப யூனிஃபார்ம் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, திரும்பி வந்து அதை கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை. எந்த ஷிஃப்ட் போட்டாலும் யூனிஃபார்ம் மாறாதுல்ல. வார்டுல பாத்த பேஷன்ட்டை மனசுல வச்சு ஜெபி. அசதில வார்த்தையே வரலைனா ரோமர் 8:26, நமக்காக ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார்னு இருக்கு, சும்மா உக்காந்து பெருமூச்சு விட்டாலும் அது வீணா போகாது.

கேள்வி (பி.காம், ஆர்.சி. சபை): நாங்க மணிகளை உருட்டி செபமாலை சொல்லுவோம், 53 மணி முடியுறதுக்குள்ள மனசு நூறு இடத்துக்கு போயிடுது. சொல்லி பிரயோஜனம் உண்டா?

பதில்: நான் சி.எஸ்.ஐ., ஆனா உங்ககிட்ட இருக்குற ஒழுங்கை மதிக்கிறேன், காலை மதியம் மாலைனு மூவேளை செபம் சொல்ற பழக்கம் எங்க பிள்ளைங்களுக்கும் வந்தா எவ்ளோ நல்லா இருக்கும். மனசு ஓடுறது எல்லாருக்கும்தான். ஓடுன விஷயத்தையே செபமாக்கு, அசைன்மென்ட் ஞாபகம் வந்தா அதை ஆண்டவர்கிட்ட ஒரு வரி சொல்லிட்டு அடுத்த மணிக்கு போ. பக்கத்துல ஒரு பேப்பர் வச்சு ஞாபகம் வர்ற வேலையை குறிச்சுட்டாலும் மனசு அடங்கும்.

கேள்வி (பி.எஸ்சி. ஃபைனல் இயர்): செமஸ்டர் முடியுற வரைக்கும் உபவாசம் இருக்கலாம்னு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து முடிவு பண்ணியிருக்கோம்.

பதில்: வேண்டாம். 1729ல ஆக்ஸ்ஃபோர்டுல வெஸ்லி அண்ணன் தம்பியும் சில மாணவர்களும் சேர்ந்து ஒரு சின்னக் குழு ஆரம்பிச்சாங்க, கிரேக்க புதிய ஏற்பாடு வாசிக்கிறது, ஜெயில்ல இருக்குறவங்களை போய் பாக்குறது, புதனும் வெள்ளியும் உபவாசம்னு அவ்ளோ ஒழுங்கா இருந்தாங்க, மத்த பசங்க கேலி பண்ணியும் விடல. அந்தக் குழுவுக்கு வந்த, பின்னால பெரிய பிரசங்கியாரான ஜார்ஜ் விட்ஃபீல்டு 1735 லெந்து காலத்துல (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) சாப்பாட்டை அளவுக்கு மீறி குறைச்சதுல மாடிப்படி ஏறக்கூட முடியாம போச்சு, அவரோட ஆசிரியர் டாக்டரை கூப்பிட வேண்டியதாயிடுச்சு, வாரக்கணக்குல படுக்கைல கிடந்தார். எக்ஸாம் இல்லாத வாரத்துல ஒரு வேளை சாப்பாட்டை விட்டுட்டு அந்தக் காசை யாருக்காவது குடுங்க. எக்ஸாம் நேரத்துல வயிறார சாப்பிட்டுட்டு ரீல்ஸ்க்கு உபவாசம் இருங்க, அது அதைவிட கஷ்டம்.

கேள்வி (பேர் வேண்டாம்): எனக்கு போன்ல ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. விழுந்த அன்னைக்கு ஜெபிக்கவே கூச்சமா இருக்கு, அப்படியே ஒரு வாரம் ஜெபம் போயிடுது.

பதில்: தம்பி, விழுந்த அன்னைக்கே போ, அதே ராத்திரியே போ. சுத்தமாகிட்டு அப்புறம் ஜெபிக்கலாம்னு காத்திருக்கிற அந்த ஒரு வாரம்தான் உன்னை சாய்க்குது. நான் மேல சொன்ன ஜான் வெஸ்லி அவ்ளோ ஒழுங்கா வாழ்ந்தும் இரட்சிப்பின் நிச்சயம் இல்லாம தவிச்சார், 1738 மே 24 லண்டன்ல ஆல்டர்ஸ்கேட் தெருவுல நடந்த கூட்டத்துல ரோமர் நிருபத்துக்கு சபை சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதின முன்னுரையை வாசிக்கக் கேட்டப்பதான் கிறிஸ்து ஒருவரையே நம்புறேன்ங்கிற நிச்சயம் அவருக்கு வந்துச்சு. உன் ஒழுங்கைப் பாத்து தேவன் உன்மேல அன்பு வைக்கல, ஏற்கெனவே அன்பு வச்சிருக்கார், அதனாலதான் ஒழுங்கா வாழவே நமக்கு பலம் வருது. கலாத்தியர் 5ல இச்சையடக்கம் ஆவியின் கனியில ஒண்ணா வருது, கனின்னா வளர நாள் ஆகும்.

இதை தனியா சுமக்காத. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லுது, ஊரெல்லாம் சொல்ல வேண்டாம், வாயை மூடத் தெரிஞ்ச ஒரு அண்ணன்கிட்ட சொல்லு, நைட் போனை அவர் ரூம்ல குடுத்துட்டு வா.

கேள்வி (ஒரு அம்மா): மகன் காலேஜ் போனதுல இருந்து குடும்ப ஜெபத்துக்கு வர மாட்டேங்குறான்.

பதில்: சிஸ்டர், உங்க குடும்ப ஜெபம் எவ்ளோ நேரம் நடக்குதுனு ஒருநாள் கடிகாரத்தை பாருங்க. ஒரு பாட்டு, பத்து வசனம், ஆளுக்கு ரெண்டு வரி ஜெபம்னு குறைச்சுப் பாருங்க, பாட்டை அவனே எடுக்கட்டும். ஜெபத்துல அவன் அரியரை பேர் சொல்லி ஜெபிக்காதீங்க, கண்ணை மூடிட்டு திட்டுறமாதிரிதான் அவனுக்கு கேக்கும். அதை நீங்க தனியா ஜெபிச்சுக்கலாம்.