வேக்குவம் பிரஸ் வீட்டிலேயே செய்யலாம்: கேள்வி பதில்

வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்ட, மெல்லிய பலகைகளை அடுக்கி வளைக்க, ஃபைபர் வேலை செய்ய வேக்குவம் பிரஸ், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த பையால் அழுத்தும் அமைப்பு, கட்டுவது பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பம்: பிளாஸ்டிக் பையில் காற்றை உறிஞ்சினால் போதுமா அண்ணே? இருபது சி-கிளாம்ப் வேலையை அது செய்யுமா?

அதைவிட நன்றாகவே செய்யும். அழுத்துவது பம்ப் இல்லை, வெளியே இருக்கும் காற்று. கடல் மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு உட்கார்ந்திருக்கிறது. பைக்குள் காற்றை எடுத்து வேக்குவம் கேஜ் முள் 25 இஞ்சுக்கு (பாதரச இஞ்ச் கணக்கு) வந்தால் சதுர அடிக்குச் சுமார் 800 கிலோ. நாலடிக்கு ரெண்டடி பலகை என்றால் ஆறு டன்னுக்கு மேல்! கிளாம்ப் பிடித்த இடத்தில்தான் பிடிக்கும். இது மூலை முடுக்கு, வளைவு எல்லாவற்றிலும் ஒரே சீராக இறங்கும். கடற்கரையில் இருப்பதும் நமக்கு லாபம்தான். இதே பிரஸ்ஸை ஊட்டியில் வைத்தால் கால் பங்கு அழுத்தம் குறையும்.

முதலியார்பேட்டை: சண்டே மார்க்கெட்டில் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிடைக்கிறது. வாங்கலாமா சார்?

வாங்கலாம், நல்ல வேக்குவம் கொடுக்கும். ஆனால் உறிஞ்சும் அளவு குறைவு, பெரிய பையைக் காலி செய்ய நேரம் எடுக்கும். ஃபிரிட்ஜில் ஓடும்போது உள்ளே திரும்பி வரும் கேஸ்தான் அதைக் குளிர வைக்கிறது. நம் வேலையில் அது கிடையாது. அதனால் விடாமல் ஓட்டினால் சூடேறி நின்றுவிடும், விட்டு விட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஊதும் குழாய் வழியாக எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அந்தக் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, சேரும் எண்ணெயின் அளவைக் கவனியுங்கள், குறைந்ததை ஊற்றுங்கள். மூன்று குழாய்களில் ஒன்று ஊதும், மற்ற இரண்டும் உறிஞ்சும். உறிஞ்சுவதில் ஒன்றை அடைத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து நீங்களே அறுத்து எடுக்காதீர்கள். புது மாடல்களில் இருக்கும் ஆர்600ஏ தீப்பிடிக்கும் வாயு. மெக்கானிக்கை வைத்து கேஸை எடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

குறிஞ்சிப்பாடி: எங்களிடம் பால் கறக்கும் மெஷின் இருக்கிறது. அந்தப் பம்ப் ஆகுமா?

தாராளமாக. நாள் தவறாமல் ஓடவே செய்த பம்ப் அது. கறவைக்கு 15 இஞ்ச் அளவில்தான் வைத்திருப்பார்கள், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ. வெனீருக்கு அது போதும்.

கடலூர் முதுநகர்: வீட்டு வேக்குவம் கிளீனர்?

வேண்டாம். அழுத்தம் பத்தாது, வாயை அடைத்து ஓட்டினால் மோட்டார் கருகும்.

வில்லியனூர்: பம்ப் நல்ல பம்ப்தான். முள் 15-ஐத் தாண்ட மறுக்கிறது. பெரிய பம்ப் வாங்கட்டுமா?

வாங்காதீர்கள் தம்பி, காசு வீண். முள் ஏறவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை லீக்தான் காரணம். முதலில் பையைக் கழற்றி, பம்ப் வாயிலேயே கேஜை மாட்டிப் பாருங்கள். அங்கே 25-க்கு மேல் காட்டினால் பம்ப் குற்றமற்றது. பிறகு காலிப் பையை மாட்டி உறிஞ்சி, வால்வை மூடி, முள்ளைக் கவனியுங்கள். அரை மணி நேரத்தில் ஒன்றிரண்டு இஞ்ச் இறங்கினால் பரவாயில்லை. கண் முன்னே இறங்கினால் ஓட்டை தேட வேண்டும். இங்கே சோப்பு நுரை உதவாது, அது உள்ளேதான் இழுபடும். ஒரு முழ நீள டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஓரமெல்லாம் நகர்த்துங்கள். லீக் இருக்கும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று தெளிவாகக் கேட்கும். பெரும்பாலும் மூலையில், பை ஓரத்தை ஒட்டி மூடும் பியூட்டைல் டேப் மடிந்த இடம், இல்லையென்றால் ஷீட்டுக்கும் டேப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மரத்தூள்.

பலகையின் கூர் முனைகளைத் தேய்த்து மழுக்கிவிட்டுப் பைக்குள் வையுங்கள். பலகைக்கு மேல் பாலிதீன், அதன் மேல் கொசுவலை இரண்டு மடிப்பு. கொசுவலை இல்லாவிட்டால் ஷீட் பம்ப் வாயில் ஒட்டிக்கொள்ளும், தூரத்து மூலையில் காற்று அப்படியே தங்கிவிடும். முள் 25 காட்டும், அந்த மூலையில் வெனீர் மட்டும் உப்பியிருக்கும்.

பண்ருட்டி: பலா வெனீர் போட்டு நாற்காலி முதுகு வளைத்தேன். பையை விட்டு எடுத்ததும் வளைவு விரிந்துவிட்டது.

அடுக்கு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். உத்தேசக் கணக்கு ஒன்று உண்டு: வளைவின் ஆழத்தை அடுக்கு எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுத்தால், விரியும் அளவு வரும். 180 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 3 அடுக்கு போட்டால் 20 மில்லிமீட்டர் விரியும். அதே கனத்தை 6 அடுக்காக்கினால் 5 மில்லிமீட்டர்தான். அந்த அளவுக்கு அச்சைக் கூடுதலாக வளைத்துச் செய்துகொள்ளுங்கள். பெவிகால் மாதிரி வெள்ளைப் பசை பாரம் இருந்தால் மெல்ல நழுவும். வளைந்த வேலைக்கு, ரெசினையும் ஹார்டனரையும் கலந்து இறுக வைக்கும் எப்பாக்ஸிதான் என் சிபாரிசு.

தந்திராயன்குப்பம்: தெர்மோகோல் வைத்து அலைச்சறுக்குப் பலகை செய்கிறேன். தெர்மோகோல் நசுங்குகிறது.

முழு வேக்குவத்தை சாதாரண தெர்மோகோல் தாங்காது. காற்றைக் கொஞ்சம் உள்ளே விடும் சின்ன வால்வு ஒன்றை லைனில் போட்டு 8 இஞ்சிலேயே நிறுத்துங்கள். படகுக்குப் போடும் பாலியஸ்டர் ரெசினைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், அதிலிருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். எப்பாக்ஸி மட்டும். பம்புக்கு முன்னால் ஒரு காலி ஜாடி கட்டாயம். வழிகிற ரெசின் பம்புக்குள் போனால் பம்ப் போச்சு.

தேவனாம்பட்டினம்: நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது?

லைனில் ஒன்வே வால்வும், அதை ஒட்டிக் கையால் மூடும் பால் வால்வும் போடுங்கள். பை லீக் இல்லாமல் இருந்தால் கரண்ட் இல்லாமலே அழுத்தம் மணிக்கணக்கில் நிற்கும். கூடுதல் தைரியத்துக்கு, தடித்த சுவருள்ள 6 இஞ்ச் பிவிசி குழாயை இருபுறமும் மூடி போட்டு, வேக்குவத்தைச் சேர்த்து வைக்கும் டேங்காக இந்த வால்வுகளுக்குப் பை இருக்கும் பக்கத்தில் இணையுங்கள். மெல்லிய டிரைனேஜ் குழாய் உள்வாங்கி நொறுங்கும், பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, கத்திரி வெயிலில் எப்பாக்ஸி கையிலேயே இறுகிவிடும். கலக்கியதை உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள், மெதுவாக இறுகும் ஹார்டனர் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் வேலையை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.